பதினேழாம் கோப்பில் நான் வைத்த படம்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை 10.20-க்கு நான் அச்சகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நேரம் நாட்குறிப்பில் இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் வியாழக்கிழமைகளில் மன்னார்குடிக்குப் போய், பிழை திருத்த ஏதாவது இருந்தால் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். என் மேசையில் இப்போது ஃபரீதா உட்காருகிறாள். அன்று ஒரு விதைக்கடைக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் தயாராகிக்கொண்டிருந்தது. வேண்டியதை வார்த்தையில் சொன்னால் கணினியே படம் வரைந்து தந்துவிடுகிறதாம். ஃபரீதா "நடவு நடும் ஐந்து பெண்கள்" என்று கேட்டிருக்கிறாள். அது தந்திருந்தது. தென்னை, மேகம், தண்ணீரில் மேகத்தின் நிழல், எல்லாம் அழகு.

"ஏன் அக்கா சிரிக்கிறீங்க? விரலெல்லாம் எண்ணிட்டேன். எல்லாருக்கும் அஞ்சு அஞ்சுதான்."

"விரல் சரியா இருக்கு. கால் எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் புரியாமல்தான் இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். முப்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லிவரும் கதைதான். என் முதலாளியை நான் ஏமாற்றிய கதை. கேட்டு முடித்ததும் ஃபரீதா, "இதை எழுதி வைங்க அக்கா" என்றாள். அன்று மதியம் வரை அது நான் ஜெயித்த கதையாகத்தான் இருந்தது. மதியத்துக்குப் பிறகு நடந்ததை அதன் இடத்தில் எழுதுகிறேன். முறை தவறி எழுத எனக்கு வராது.

எனக்கு ஊர் பொறையார். லுத்தரன் குடும்பம். அப்பா மருத்துவமனையில் கம்பவுண்டர். ஓவியப் பரீட்சைகள் இரண்டையும் பாஸ் செய்தேன், டிராயிங் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டேன், வேலை வரவில்லை. படிப்புக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நீடாமங்கலத்தில் அத்தை வீட்டில் தங்கி, மன்னார்குடியில் தனபால் சாரின் அச்சகத்தில் படம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், காதுகுத்துக்கு யானை, கடைத் திறப்பு நோட்டீசுக்குக் குத்துவிளக்கு, வருடக் கடைசியில் காலண்டர்கள்.

தனபால் சாரின் அச்சகத்தில் யாரும் எதையும் சொந்தமாக வரையக் கூடாது. அதுதான் அங்கே முதல் சட்டம். அவருடைய அறையில் ஒரு இரும்பு பீரோ. அதில் நாற்பத்திரண்டு கோப்புகள். முதல் கோப்பு பிள்ளையார். ஒன்பது, கைகள். பதினொன்று, மாலை போட்ட கழுத்துகள். பதினேழு, விவசாயம். இருபத்தாறாவது கோப்பின் பெயர் "சிரிக்கும் குழந்தை, பல் தெரிய". இருபத்தேழு "சிரிக்கும் குழந்தை, பல் தெரியாமல்". பத்திரிகைகளிலும் பழைய காலண்டர்களிலும் மருந்துக் கம்பெனி அட்டைகளிலும் வெட்டிய படங்கள். நான் எந்தப் படத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் சார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"மாதிரி எங்க?"

மாதிரியை இடது பக்கமும் என் படத்தை வலது பக்கமும் வைப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார், போட்டுக்கொண்டு பார்ப்பார். வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. சரியென்றால் படத்தின் மேல் பித்தளைப் பேப்பர்வெயிட்டை வைப்பார். சரியில்லை என்றால் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீ சொல்லியாச்சா?" என்பார். டீ சொல்லியாகியிருந்தாலும் அதையேதான் கேட்பார். வெட்டுத்துண்டுகள் ஒவ்வொன்றின் பின்பக்கமும் சிவப்புப் பென்சிலால் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு நேரே, படம் எங்கே கிடைத்தது என்று ஒரு பேரேட்டில் எழுதுவார். பேரேடு அவருடைய மேசை இழுப்பறைக்குள் இருக்கும். நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. மாதிரியில் வரைந்தவரின் கையெழுத்து ஓரத்தில் இருந்தால், நகல் எடுக்கும்போது அதை விட்டுவிட வேண்டும். "அவங்க பேரு நமக்கெதுக்கு?" என்பார். கோப்பிலிருப்பதை டிரேசிங் தாளில் எடுத்து, இந்தியன் இங்கில் கோடு போட்டு, தஞ்சாவூருக்கு அச்சு பிளாக் செய்ய அனுப்புவது என் வேலை.

இதற்குள் எனக்கு ஒரு திருட்டுப் பழக்கமும் இருந்தது. பத்திரிகைத் தாள் வெட்டும்போது மிஞ்சும் ஓரங்களையும், அச்சில் கெட்டுப்போன தாள்களையும் எடுத்துத் தைத்துக் கையகலப் புத்தகம் செய்துகொள்வேன். நீடாமங்கலத்தில் 6.50 பஸ். இறங்க 7.25. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் கண்ணில் படுகிறவர்களை வரைவேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் இவை: அழிப்பான் கூடாது, ஆள் இறங்கிவிட்டால் மீதியை மனத்தால் முடிக்கக் கூடாது, கீழே கிழமையும் நேரமும் எழுத வேண்டும். அதனால் என்னிடம் பாதி மூக்குகள் நிறைய உண்டு. கண்டக்டர் கோவிந்தராஜு நான் பென்சிலை எடுத்தாலே வயிற்றை எக்கிக்கொள்வார். மேல்பாலம் நிறுத்தம் வரை எக்கிப் பிடிப்பார். அங்கே விசில் ஊத வேண்டும், வயிறு வெளியே வந்துவிடும். நான் விசிலுக்காகக் காத்திருந்து வரைவேன்.

அந்த பஸ்ஸில்தான் அஞ்சம்மாளும் ஏறுவார். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். பத்துப் பன்னிரண்டு பெண்களோடு ஏறி, பஸ்ஸின் பின்பாதியைத் தன் வீடாக்கிக்கொள்வார். "யம்மாடி, டீச்சரு, என் மூக்க சின்னதா போடு. பொண்ணு கேட்டு வாராங்க" என்பார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பென்சில் வைத்திருப்பவர்கள் எல்லாம் அவருக்கு டீச்சர்தான்.

இனி அந்தக் காலண்டர். தொண்ணூறுகளின் நடு ஆண்டுகள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எஸ்.டி.டி. பூத்துகளும் ஜெராக்ஸ் கடைகளும் முளைத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். உரக்கடை கலியபெருமாள் வருடா வருடம் எங்களிடம் காலண்டர் அடிப்பார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் தபாலில் அனுப்பச் சொல்லி ஆளுக்கு ஒன்று அதிகமாகக் கொடுப்பார். அந்த ஆண்டு நடவுக் காட்சி வேண்டும் என்றார். பதினேழாம் கோப்பில் ஒரு நடவுக் காட்சி இருந்தது. எங்கிருந்தோ வந்தது. நான் அப்படியே எடுத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், பேப்பர்வெயிட்டை வைத்தார். அச்சாகி, ஊரெல்லாம் ஆணியில் தொங்கியது.

ஜனவரி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, 6.58. அஞ்சம்மாள் சுருட்டிய காலண்டரோடு ஏறினார். பஸ் நடுவில் நின்று அதை விரித்துப் பிடித்தார்.

"ஏ டீச்சரு, இது நீ போட்டதாமே?"

"ஆமாங்க."

"இந்தப் பொம்பளைங்க எந்த ஊரு?"

"சும்மா... படம்தானுங்களே."

"நட்ட நாத்தையெல்லாம் மிதிச்சி மிதிச்சி முன்னால போறாளுவோளே, எந்த ஊருன்னு கேட்டேன். அந்த ஊருக்கு நம்ம ஆளுவள அனுப்பலாம். ஒருநாளு வேலைய ஒம்பது நாளு செய்யலாம்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. கோவிந்தராஜு வயிற்றை மறந்து சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்டது முகத்துக்கு முன்னால் இருக்கும். வெறும் சேறு முதுகுக்குப் பின்னால். என் படத்தில் வெறும் சேறு முன்னால் இருந்தது. நட்ட வரிசை அவர்களுடைய குதிகாலுக்குக் கீழே இருந்தது. வாழ்நாளெல்லாம் நடவு வயல்களுக்கு நடுவே பஸ்ஸில் போய் வந்தவள் நான். ஒருமுறையும் காலைப் பார்த்ததில்லை. மாதிரியைத்தான் பார்த்தேன்.

மூன்று நாளில் கலியபெருமாள் வந்தார். "சார், கடைக்கு வர்றவன்லாம் கேக்குறான். உரம் வாங்குனா நாத்த மிதிக்க ஆளும் தருவீங்களான்னு கேக்குறான். அடுத்த வருஷம் சிவகாசியில பாத்துக்கறேன். கேட்லாக்க காட்டுறான், நம்பரச் சொன்னா அனுப்பிடறான்."

சார் டீ சொன்னார். கலியபெருமாள் போனபிறகு, இழுப்பறையிலிருந்து ஒரு பளபளப்பான தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். கம்ப்யூட்டர் விளம்பரம். கூடவே ஆயிரக்கணக்கில் படங்கள் அடங்கிய ஒரு வட்டத் தகடும், சி.டி., தருவார்களாம்.

"கலியபெருமாள்கிட்ட பேசியிருக்கேன். அடுத்த காலண்டருக்கு நம்ம படத்தை ஐப்பசியில காட்டுவோம். புடிச்சா இங்க அடிப்பாரு. புடிக்கலன்னா..." என் மேசையை அளப்பதுபோலப் பார்த்தார். "அது வைக்கறதுக்கு இந்த மேசை சரியா இருக்கும்."

எனக்கு அந்த மேசையை விட்டால் பொறையார்தான். பொறையாரில் எனக்கென்று ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். மனிதர் நல்லவர், மணமானதும் நான் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. எனவே ஐப்பசிக்குள் பஸ் சிரிக்காத ஒரு நடவுப் படம் எனக்கு வேண்டும். பதினேழாம் கோப்பைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். ஏர் இருந்தது, வைக்கோல்போர் இருந்தது, டிராக்டரில் சாய்ந்து நிற்கும் பெண் இருந்தாள். பின்னால் நகரும் பெண் ஒருத்தியும் இல்லை.

புரட்டாசியில் நடவு தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அஞ்சம்மாளின் ஆட்களோடு இறங்கினேன். (போதகரிடம் காய்ச்சல் என்று சொன்னேன். நாட்குறிப்பில் "காய்ச்சல் இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.) வேற்றாள் வரப்புக்கு வந்தால் காலடியில் நாற்றுமுடியை வைத்து வழிமறிப்பது நடவுப் பெண்களின் வழக்கம். ஏதாவது கொடுத்தால்தான் விடுவார்கள். கைப்பையில் வெற்றிலைப் பாக்கு வைத்திருந்தேன். போதாது என்றார்கள்.

"எறங்கி ஒரு வரிசை நடு. அப்பறம் எத்தன படம் வேணாலும் போட்டுக்க" என்றார் அஞ்சம்மாள்.

இறங்கினேன். நான்கு நாற்று ஊன்றிவிட்டு ஐந்தாவதை ஊன்ற, கால் தானாக முன்னால் போய் முதல் நாற்றின் மேல் நின்றது.

"பாத்தியா, காலண்டர் பொம்பள வந்துட்டா!" என்றாள் ஒருத்தி. அன்று முழுவதும் எனக்கு அதுதான் பெயர்.

காலை 8.10 முதல் 11.45 வரை வரைந்தேன். நாற்பத்தோரு பக்கம். முகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லோரும் குனிந்திருந்தார்கள். முதுகுதான். ஆனால் முதுகுகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. அஞ்சம்மாளின் முதுகு இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். இடக்கையில் நாற்றுமுடி கனக்கும்போது இன்னும் சரியும். புடவைக் கொசுவத்தைப் பின்னால் ஒரே இழுப்பாக இழுத்துச் செருகியிருப்பார். பத்து நாளில், பஸ் புத்தகங்களையும் அந்த நாற்பத்தோரு பக்கங்களையும் வைத்துக்கொண்டு ஒரு படம் முடித்தேன். எந்தக் கோப்பிலும் இல்லாத படம்.

அதுதான் சிக்கல். சார் "மாதிரி எங்க?" என்று கேட்பார்.

யோசித்தேன். மாதிரி இல்லாத படத்துக்கு வழி இல்லையென்றால், படத்துக்கு ஒரு மாதிரியைச் செய்துவிட வேண்டியதுதான். என் படத்தை பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனேன். கெட்டுப்போன தாள் ஒன்றைக் கொடுத்து, அதில் கால்வாசி அளவுக்குச் சிறிதாக்கி எடுக்கச் சொன்னேன். "மெஷினு சிக்கிக்கும்க்கா" என்றார் கடைக்காரர். சிக்கவில்லை. வீட்டில் அதை டீத் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்து, அத்தையின் பைபிளுக்குள் இரண்டு நாள் அழுத்தினேன். ஓரத்தைக் கோணலாகக் கத்தரித்தேன். பத்து வருடத்துப் பழைய மெட்ராஸ் பத்திரிகை வெட்டுத்துண்டு தயார். பதினேழாம் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, அதை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் புரட்டுவதுபோலப் புரட்டி, "சார், நடவுக்கு ஒண்ணு கெடச்சிருச்சு" என்றேன்.

சார் அதை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு? ஞாபகம் இல்லையே."

"எனக்கும் தெரியல சார்."

"ம். நகல் எடு."

என் படத்தையே நான் நகல் எடுத்தேன். இரண்டு நாளில் கொண்டுபோனேன். மாதிரி இடது பக்கம், நகல் வலது பக்கம். சார் வெகுநேரம் பார்த்தார்.

"மாதிரியில இருக்கற உயிரு இதுல இல்லியே." கவிழ்த்தார். "டீ சொல்லியாச்சா?"

இரண்டாவது நகல். "இந்த ஓரத்து அம்மா முதுகப் பாரு. மாதிரியில சாயுது. உன்னுதுல நிமுந்துட்டா." கவிழ்த்தார்.

மூன்றாவதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் உழைத்தேன். சார் பெருமூச்சு விட்டார். "மாதிரி போட்டவன் கை வேற, உன் கை வேறம்மா." கவிழ்த்தார். என் கையைவிட என் கை மேல் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். வாய் திறந்து சொல்லவும் முடியாது. ஐப்பசி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"ஒண்ணு செய்" என்றார். "இதோட மூலப்படம், பெரிசா, எங்கயாச்சும் கெடைக்குதான்னு பாரு. மெட்ராசுல உங்க சொந்தக்காரங்க இருக்காங்கள்ல?"

"தேடச் சொல்றேன் சார்."

"ஓரத்துல போட்டவன் பேரு இருந்தா அப்படியே விட்டுடு. அடுத்தவன் பேர அழிச்சி என்ன ஆவப்போவுது."

இதை அவர் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து தபால் வர நான்கு நாள் கணக்கு விட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த என் படத்தை எடுத்து, வரப்பின் புல்லுக்குள் என் பெயரின் முதலெழுத்தைச் சின்னதாகப் போட்டு, ஒரு அட்டைக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். சார் மாதிரியைக்கூடப் பக்கத்தில் வைக்கவில்லை. பேப்பர்வெயிட்டை எடுத்து நடுவில் வைத்தார். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இரண்டே சொல்: "சார் ஏமாந்தார்."

கலியபெருமாள் படத்தை வாங்கி, முடிவைத் தானே சொல்லாமல், கடையில் யூரியா மூட்டைக்காக நின்றிருந்த அஞ்சம்மாளிடம் காட்டினார். அவர் முதலில் கால்களைப் பார்த்தார். "பின்னால போவுது. சரி." பிறகு ஓரத்தில் விரலை வைத்தார். "இது யாரு? என்னாட்டம்ல இருக்கு?"

காலண்டர் எங்களிடமே அச்சானது. தை மாதம் அஞ்சம்மாள் பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரு சேதி சொன்னார். சிங்கப்பூரில் கட்டட வேலையிலிருக்கும் அவருடைய மகன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு வரவழைத்து, "எம்மா, நீ என் ரூம்பு சொவத்துல நாத்து நடுற" என்றானாம். "மொகமே இல்ல, எப்படிரா கண்டுபுடிச்சேன்னேன். முதுவுல தானே என்னத் தூக்கிட்டுப் போவேங்கறான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மூக்கு போடாததும் நல்லதாப் போச்சு டீச்சரு" என்றார்.

மேசை எனக்கே நின்றது. கம்ப்யூட்டர் பிறகு வந்தது. அதற்கு வேறு மேசை வாங்கினார்கள். வட்டத் தகட்டில் நடவே இல்லை என்பதை நான் முதல் நாளே சோதித்துவிட்டேன். அந்தக் காலண்டருக்குப் பிறகு சார் என்னிடம் மாதிரி கேட்கவில்லை. ஏமாந்தவர் ஏன் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜெயித்த கதையை ஆராய யாருக்கும் தோன்றாது.

சென்ற மாதம் அந்த வியாழக்கிழமை மதியம், ஃபரீதா அந்த வெட்டுத்துண்டைப் பார்க்க வேண்டும் என்றாள். பீரோ இப்போது தாள் கிடங்கில் இருக்கிறது. பதினேழாம் கோப்பைத் தூசி தட்டித் திறந்தோம். டீக் கறையோடு அப்படியே இருந்தது. நான் பெருமையாக நீட்டினேன். அவள் வாங்கித் திருப்பினாள்.

"அக்கா, பின்னாடி என்னவோ இருக்கே."

தாளின் பின்பக்கம் பாதிக் கல்யாணப் பத்திரிகை. மை ஏறிக் கெட்டுப்போன தாள். ஆனாலும் படிக்க முடிந்தது: கண்டக்டர் கோவிந்தராஜுவின் மகள் கல்யாணம், அந்த ஆண்டு ஆவணி, கீழே எங்கள் அச்சகத்தின் பெயர். பத்து வருடத்துப் பழைய மெட்ராஸ் பத்திரிகையின் முதுகில், ஒரு மாதத்துக்கு முன் நாங்களே அடித்த கல்யாணப் பத்திரிகை. முன்பக்கத்துக்கு டீ, வெயில், பைபிள் என்று அத்தனை ஏற்பாடு செய்தவள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. சார் முதல் நிமிடத்திலேயே திருப்பினார். அதை நானே மேலே எழுதியிருக்கிறேன்.

பத்திரிகை எழுத்தின் மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு எண்: 17/63. பேரேடு பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். 61, மருந்துக் கம்பெனி அட்டை. 62, பழைய காலண்டர், கும்பகோணம். அதற்குக் கீழே, சாரின் சாய்வான கையெழுத்தில்:

"63. நடவு. கிடைத்த இடம்: 6.50 பஸ், ஜன்னல் ஓரம்."

பத்திரிகை அடிக்க வந்த கோவிந்தராஜு, மகளின் இனிஷியலைச் சரிபார்க்கும் சாக்கில் சாரின் எதிரே அரைநாள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் வயிற்றைத்தான் எக்கிப் பிடிப்பார், வாயை அல்ல.

சார் இப்போது மகனோடு சிங்கப்பூரில் இருக்கிறார். அன்று மாலையே போன் செய்தேன். பேரேட்டு வரியை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப மூணு நகல் எடுக்க வெச்சீங்களே, ஏன் சார்?"

"பொய் சொன்னியே, அதுக்கு ஒண்ணு. என்னைப் பத்து வருஷத்துப் பழசு மோந்து பாக்க வெச்சியே, அதுக்கு ஒண்ணு."

"மூணாவது?"

"மூணாவது நல்லாத்தாம்மா இருந்துச்சு. கவுத்துப் பழகிப்போச்சு." பிறகு, "டீ சொல்லியாச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த வருட நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். "சார் ஏமாந்தார்" என்ற வரி அப்படியே இருந்தது. அழிப்பான் பயன்படுத்துவதில்லை என்ற விதியை இத்தனை வயதில் மீற மனமில்லை. அதற்குக் கீழே, சிவப்புப் பென்சிலால், அன்றைய கிழமையும் நேரமும் போட்டு எழுதினேன்: "பிழை திருத்தம். ஆள் மாறிவிட்டது."